சுருட்டில் வண்டு விழுந்தால் என்ன செய்வது?

கேள்வி இதுதான். கேட்பவர் சென்னையில் இருக்கிறார். ஹ்யூமிடாரில், அதாவது சுருட்டு காயாமல் ஈரத்தைச் சீராக வைக்கும் மரப்பெட்டியில், அறுபது சுருட்டு வைத்திருக்கிறார், பெரும்பாலும் கியூபா, கொஞ்சம் நிகராகுவா. மே மாதம் முழுக்க வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தார். ஜூனில் வந்து திறந்தால் மேல் தட்டில் பதினோரு சுருட்டுகளில் குண்டூசியால் குத்தியதுபோல் ஓட்டை. எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டுமா, மீதியைக் காப்பாற்றலாமா, பெட்டியை இனி நம்பலாமா என்று கேட்கிறார். போகிற போக்கில் இன்னொன்றும் சொல்கிறார்: ஏப்ரலில் ஒரு நண்பர் கொடுத்த உறையூர்ச் சுருட்டுக் கட்டு ஒன்றும் அதே பெட்டியில்தான் இருந்ததாம்.

முதலில் பதற்றத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மீதி 49-இல் ஏறக்குறைய எல்லாவற்றையும் காப்பாற்றிவிடலாம், பெட்டியும் பிழைக்கும். ஆனால் இன்று இரவே வேலையைத் தொடங்கிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரை தள்ள வேண்டாம்.

ஈரோட்டில் மஞ்சள் குடோன்களுக்குப் புகை மருந்து போடும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். சுருட்டுப் பழக்கம் பிறகுதான் வந்தது. முதல் தடவை என் பெட்டியில் ஓட்டையைப் பார்த்தபோது ஒரு சுருட்டை எடுத்து வெள்ளைத் தாளின் மேல் லேசாகத் தட்டினேன். காப்பிப் பொடி மாதிரி கொஞ்சம் தூள் விழுந்தது, கூடவே எள் அளவில் செம்பழுப்பாக ஒன்று. பேனா முனையால் தொட்டதும் காலையெல்லாம் மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடந்தது. நானும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கால் நீட்டி, தாளின் ஓரத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. அடப்பாவி, இவனை எனக்குத் தெரியுமே என்று சிரிப்புதான் வந்தது. மஞ்சள் மூட்டையில் தினமும் பார்த்த அதே முகம்.

சுருட்டுக்காரர்கள் புகையிலை வண்டு என்பார்கள், வேளாண்மைக்காரர்கள் சிகரெட் வண்டு என்பார்கள். அறிவியல் பெயர் லாசியோடெர்மா செர்ரிகார்னே. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளம். தலையைக் கீழே மடக்கி வைத்திருப்பதால் பக்கவாட்டில் பார்த்தால் கூன் விழுந்த மாதிரி இருக்கும். உணர்கொம்பு ரம்பப் பல் போல இருக்கும், 'செர்ரிகார்னே' என்பதற்கும் அதுதான் பொருள். மளிகையில் விழும் இன்னொரு வண்டும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும், ஆனால் அதன் கொம்பு நுனியில் மூன்று கணு மட்டும் தடித்திருக்கும், முதுகில் நெடுகக் கோடுகள் ஓடும். கையில் பூதக்கண்ணாடி இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்.

பெயரில் புகையிலை இருந்தாலும் இந்தப் பூச்சிக்கும் புகையிலைக்கும் பழக்கம் பிற்காலத்தில்தான். 1922-இல் திறந்த எகிப்திய மன்னன் துட்டன்காமன் கல்லறைப் பொருட்களிலேயே இது இருந்ததாகப் பதிவு இருக்கிறது. கொலம்பஸ் போய்வந்த பிறகுதானே புகையிலை இந்தப் பக்கமே வந்தது! அதற்கு முன்பு மஞ்சள், மல்லி, சுக்கு, அதிமதுரம் இப்படிக் காய்ந்த எதையும் விடாமல் தின்னும் வம்சத்தின் ஒரு கிளைதான் புகையிலைக்குள் குடியேறியது. நிகோட்டின் மற்ற பூச்சிகள் பலவற்றுக்கு விஷம். இதன் குடலில் ஈஸ்ட் போன்ற ஒரு நுண்ணுயிர் ஒட்டி வாழ்கிறது, அது உணவில் இருக்கும் நச்சுகளை முறிக்க உதவுகிறது, சத்துக்கு வைட்டமினும் கொடுக்கிறது.

இனி உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம். வளர்ந்த வண்டு சுருட்டைத் தின்பதற்காக வருவதில்லை, அது பெரும்பாலும் சாப்பிடுவதே இல்லை. இரண்டு, மூன்று வாரம் உயிரோடிருந்து இணை சேர்ந்து முட்டையிட்டுச் செத்துப்போகும். தின்பதெல்லாம் புழுதான். முட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, வெறும் கண்ணுக்கு எளிதில் தெரியாது. பொரிக்க ஆறிலிருந்து பத்து நாள். வெள்ளையாக, வளைந்து, மெல்லிய மயிருடன் இருக்கும் புழு உள்ளேயே சுரங்கம் வெட்டிக்கொண்டு வளர்ந்து, கூடு கட்டி, வண்டாக மாறி, கடைசியில்தான் மேலிலையைக் கடித்து வெளியே வரும். அதாவது நீங்கள் பார்த்த ஓட்டைகளில் பெரும்பாலானவை நுழைவாசல் இல்லை, வெளிவாசல். ஓட்டை தெரிகிறது என்றால் ஒரு தலைமுறை உள்ளே வளர்ந்து முடிந்துவிட்டது, அடுத்தது பக்கத்துச் சுருட்டில் முட்டையாக உட்கார்ந்திருக்கிறது. ஓட்டை இல்லாத 49-ஐயும் நோயாளிக் கணக்கில் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

இந்தச் சுற்று முடிய எத்தனை நாள் என்பதை முடிவு செய்வது வெப்பம். 20 டிகிரியில் நான்கு மாதம் ஆகும். 37 டிகிரியில் 26 நாளில் முடிந்துவிடும். இதற்கு மிகவும் பிடித்தது 30-இலிருந்து 32 டிகிரி, காற்றில் 70, 75 சதவீத ஈரப்பதம். பூட்டிய சென்னை வீட்டின் மே மாதத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஹ்யூமிடாரில் ஈரத்தை 70-இல் ஒழுங்காக வைத்திருந்திருக்கிறீர்கள், நல்ல விஷயம்தான், ஆனால் வெப்பம் ஏறியபோது அந்தப் பெட்டி வண்டுக்குப் பிரசவ அறையாகிவிட்டது. ஈரமானியை மணிக்கொரு தரம் பார்க்கிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் வெப்பமானியைப் பார்ப்பதில்லை. சுருட்டு வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களிடம் நான் பார்க்கும் பெரிய தப்பு இதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு பெரிய மேஜையில் வெள்ளைத் துணியோ தாளோ விரித்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மின்விசிறி வேண்டாம், தூள் பறந்தால் எந்தச் சுருட்டிலிருந்து விழுந்தது என்று தெரியாது. ஒவ்வொன்றையும் பற்றவைக்கும் முனை கீழே இருக்கும்படி பிடித்து மெதுவாகத் தட்டி, டார்ச் அடித்து முனைக்குள் பாருங்கள். ஓட்டை உள்ளவை ஒரு கவரில், தூள் மட்டும் விழுந்தவை இன்னொன்றில், சுத்தமாகத் தெரிபவை மூன்றாவதில். சாயங்காலத்துக்கு மேல் இதைச் செய்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். இது நன்றாகப் பறக்கும், மாலையில்தான் சுறுசுறுப்பு, விளக்கைத் தேடிப் போகும். டியூப் லைட் பக்கம் சுவரில் ஒன்றிரண்டு உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வெள்ளையாக ஏதாவது பூத்திருந்தால் அது வண்டின் வேலை இல்லை, பூஞ்சை. அது வேறு கதை, ஈரம் அதிகமான கதை.

பிறகு ஃப்ரீசர். வீட்டில் செய்யக்கூடிய, உண்மையிலேயே வேலை செய்யும் ஒரே முறை இதுதான். பெரிய சுருட்டுத் தொழிற்சாலைகள் பலவும் ஏற்றுமதிக்கு முன் இதையே செய்கின்றன. ஜிப்லாக் கவரில் போட்டு, உள்ளிருக்கும் காற்றை முடிந்தவரை பிதுக்கி வெளியேற்றி மூடி, அதை இன்னொரு கவரில் போட்டு மூடுங்கள். இரட்டைக் கவர் அவசியம். ஃப்ரீசர் காற்று காய்ந்த காற்று, சுருட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். போதாததற்குப் பக்கத்தில் மீன் வேறு இருக்கும். செலஃபன் உறை இருந்தால் கழற்ற வேண்டாம். முதலில் கீழ்ப் பகுதியில், சாதாரண ஃப்ரிட்ஜில் ஒரு நாள். அடுத்து ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் குறைந்தது மூன்று முழு நாள். நான் ஒரு வாரம் வைப்பேன், அவசரம் ஒன்றும் இல்லையே. மரப்பெட்டியோடு வைத்தால் ஒரு வாரம் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் மரம் குளிரை எளிதில் உள்ளே விடாது, நடுவில் இருக்கும் சுருட்டு உறைய நேரமாகும். பிறகு மறுபடி ஃப்ரிட்ஜில் ஒரு நாள். அப்புறம் மேஜையில் வைத்து அறை வெப்பத்துக்கு வரும்வரை கவரைத் திறக்கக் கூடாது. வியர்ப்பதெல்லாம் கவரின் வெளிப்பக்கம் வியர்க்கட்டும். அவசரப்பட்டுத் திறந்தால் அந்த ஈரம் மேலிலையில் படியும், இலை உப்பும், வெடிக்கும். வண்டு போட்ட ஓட்டையைவிட அது பெரிய நஷ்டம்.

இங்கே ஒரு சிக்கல். நம் வீடுகளில் இருக்கும் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல் பெட்டி பல நேரம் மைனஸ் 18-ஐத் தொடாது. ஐஸ் கட்டி ஆகிவிட்டதே என்று நம்பாதீர்கள், தண்ணீர் பூஜ்யத்திலேயே கட்டியாகிவிடும். ஐஸ்கிரீம் கரண்டி இறங்காத அளவுக்குக் கல்லாக இருக்கிறதா என்று பார்ப்பது உத்தேசக் கணக்கு. சில நூறு ரூபாய்க்கு ஒயர் வைத்த டிஜிட்டல் வெப்பமானி கிடைக்கும், அதன் முனையைக் கவர்களுக்கு நடுவில் வைத்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். மைனஸ் 10-தான் வருகிறது என்றால் நாளைக் கூட்டி ஒப்பேற்றலாம் என்று நினைக்காமல், டீப் ஃப்ரீசர் வைத்திருக்கும் யாரிடமாவது இடம் கேளுங்கள். நடுவில் நாலு மணி நேரம் கரண்ட் போனால் நாள் கணக்கை முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

உறைய வைத்தால் ருசி போய்விடும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். நான் ஒரே பெட்டியில் பாதியை உறைய வைத்து, பாதியை வைக்காமல், அடையாளம் தெரியாதபடி மாற்றிப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் நாக்கு அவ்வளவுதான் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள்.

சுருட்டுகள் ஃப்ரீசரில் இருக்கும் வாரத்தில் பெட்டியைக் கவனிக்கலாம். தட்டு, தடுப்பு எல்லாம் கழற்றி, வாக்வம் கிளீனரின் மெல்லிய மூக்கால் மூலை முடுக்கு, கீல் இடுக்கு, அடியில் ஒட்டியிருக்கும் துணி விளிம்பு எல்லாவற்றையும் உறிஞ்சுங்கள். கூடு கட்டிய புழு அங்கேதான் ஒளிந்திருக்கும். தட்டுகள் ஃப்ரீசரில் நுழைந்தால் அவற்றையும் உள்ளே தள்ளுங்கள். சோப்பு வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும். பெட்டியைத் திறந்தபடி காலியாக ஒரு மாதம் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. மிச்சம் மீதி முட்டை பொரித்தாலும் தின்ன எதுவும் இருக்காது.

கொசு மருந்தும் கரப்பான் ஸ்ப்ரேயும் அந்த மரத்தின் பக்கமே போகக் கூடாது. மரம் குடித்துவிடும், சுருட்டு அதிலிருந்து குடிக்கும், நீங்கள் அதைப் புகைப்பீர்கள். பாச்சா உருண்டையும் கற்பூரமும் அப்படியே. பாட்டி அரிசியில் வசம்பு போட்டாளே, வேப்பிலை போட்டாளே, கிராம்பு போட்டாளே என்று கேட்காதீர்கள். புகையிலை வாசனையை இழுத்துக்கொள்வதில் வெண்ணெய்க்கு அண்ணன். ஒரு வாரத்தில் உங்கள் கியூபா சுருட்டு நாட்டு மருந்துக் கடை மாதிரி மணக்கும். மிளகாய் வற்றலைப்போல வெயிலில் போடலாமா என்றும் ஒருவர் கேட்டார். வண்டு செத்துவிடும்தான், 55 டிகிரி சூட்டில் எந்தப் பூச்சி பிழைக்கும்? சுருட்டும் கூடவே செத்துவிடும். மேலிலை சருகாகி, எண்ணெய்ப் பசை ஆவியாகி, கையில் எடுத்தால் உதிரும்.

ஹ்யூமிடாரின் உள்ளே சிடார் மரம் இருக்கிறதே, அது பூச்சியை விரட்டாதா என்பது அடிக்கடி வரும் கேள்வி. விரட்டாது. ஸ்பானிஷ் சிடார் என்பது பெயருக்குத்தான் சிடார். உண்மையில் வேம்பு, மகாகனி குடும்பத்து மரம், நம் சந்தன வேம்புக்கு நெருங்கிய சொந்தம். ஈரத்தைச் சீராக வைக்கும், நல்ல வாசனை தரும், புகையிலை வண்டு அதை ஒரு பொருட்டாகவே மதிக்காது.

குடோனில் போடும் மாத்திரையைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது ஒருவர் இதை உங்களுக்கு யோசனையாகச் சொல்வார். அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயு வரும். நாங்கள் மூட்டை அடுக்கின் மேல் தார்ப்பாய் போர்த்தி, ஓரமெல்லாம் மணல் பைகளை வைத்து அடைத்து, ஆளை வெளியேற்றி, கதவில் எச்சரிக்கை ஒட்டி, நாள் கணக்கில் மூடி வைப்போம். திறக்கும்போது மூக்கில் பூண்டு நாற்றம் வருகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல் கருவி வைத்து அளந்துதான் உள்ளே போவோம். அந்த வாயு சுவர் வெடிப்பு, குழாய் இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் போய் ஆளைக் கொல்லும். குழந்தைகள் செத்திருக்கிறார்கள். ஒரே ஒரு மாத்திரை, ஒரே ஒரு டப்பா என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உலகத்தில் பல இடங்களில் இந்த வண்டு அந்த வாயுவையே தாங்கப் பழகிவிட்டது என்பது தனிக் கதை.

இனி அந்த உறையூர்க் கட்டு. அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம், ஆனால் நிரூபிக்க முடியாது. கியூபா பெட்டியிலிருந்தும் முட்டை வந்திருக்கலாம். நம் ஊர்ச் சுருட்டு பெரும்பாலும் ஹ்யூமிடாரையே பார்க்காமல் காய்ந்த சுருட்டாகவே விற்பது, காய்ந்தே புகைப்பது. காய்ந்த சரக்கில் வண்டின் வளர்ச்சி மெதுவாகுமே தவிர நிற்காது. கடையில் திறந்த அலமாரியில், பக்கத்தில் வெற்றிலை பாக்கு, பீடிக் கட்டு, புகையிலைப் பொட்டலம் என்று இருந்த சரக்கை 70 சதவீத ஈரத்தில் கொண்டுவந்து வைத்தால், உள்ளே மெதுவாக வளர்ந்துகொண்டிருந்த புழுவுக்கு மழைக்காலம் வந்த மாதிரி. அந்தச் சுருட்டைக் குறை சொல்லவில்லை, காரசாரமான நல்ல சரக்கு அது, நானும் பிடிப்பேன். தனி டப்பாவில் வையுங்கள், அவ்வளவுதான். எந்த ஊர்ச் சரக்கானாலும் புதிதாக வீட்டுக்குள் வருவது முதலில் ஃப்ரீசருக்குப் போய்விட்டுத்தான் பெட்டிக்குள் போக வேண்டும். என் வீட்டில் இதில் விருந்தாளிக்கும் விலக்கு இல்லை.

ஆனால் சுருட்டை மட்டும் சந்தேகப்பட்டு நின்றுவிடாதீர்கள், உங்கள் சமையலறையையும் பாருங்கள். மல்லி, மிளகாய் வற்றல், குண்டு மஞ்சள், சுக்கு, மறந்துபோன கறிமசால் பொட்டலம், நாய்க்குப் போடும் உருண்டைத் தீனி, பசை போட்டுத் தைத்த பழைய புத்தகம், அலங்காரத்துக்கு வைத்த உலர்ந்த பூ, எல்லாம் இதற்கு வீடுதான். இதன் பெண் விடும் வாசனையான செர்ரிகார்னினைத் தடவிய ஒட்டுப் பொறி விற்கிறார்கள். ஆண் வண்டு மட்டும்தான் வந்து ஒட்டும், அதனால் அதை வைத்து ஒழித்துவிட முடியாது, எங்கிருந்து வருகிறது என்று துப்பறியலாம். ஹ்யூமிடாருக்குள் வைக்காதீர்கள். ஒன்றை அது இருக்கும் அறையிலும் ஒன்றைச் சமையலறை அலமாரி மேலும் வையுங்கள். என் வீட்டில் வைத்தபோது சுருட்டு அறைப் பொறியில் ஒன்றுகூட இல்லை, சமையலறைப் பொறியில் ஒன்பது. மாமியார் ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய மிளகாய் மூட்டைதான். இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

இனி வராமல் பார்த்துக்கொள்ள வழி, வெப்பத்தை இறக்குவது. 18 டிகிரிக்குக் கீழே இதன் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். சாகாது, ஆனால் வளராது. 24 டிகிரி ஏசி அறை ஓரளவு தாமதப்படுத்தும், அவ்வளவே. அதுவும் நீங்கள் ஊரில் இல்லாதபோது ஏசி ஓடாது. சென்னையில் அறுபது சுருட்டு வைக்கிறவருக்கு நான் சொல்வது ஒரு சின்ன வைன் கூலர். 16, 17 டிகிரியில் வைத்து, உள்ளே ஈரத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் பொட்டலங்கள் போட்டுவிடலாம். வாங்கும்போது கம்ப்ரஸர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கம்ப்ரஸர் இல்லாமல் சத்தமில்லாமல் ஓடும் வகை, வெளியில் இருக்கும் வெப்பத்தைவிடப் பத்துப் பதினைந்து டிகிரிதான் குறைக்கும். வெளியே 36 இருக்கும்போது அது திணறும், நான் ஒன்றை வாங்கிக் காசைக் கரியாக்கியிருக்கிறேன். அந்தச் செலவு வேண்டாம் என்றால், ஊருக்குப் போகும்போது எல்லாவற்றையும் இரட்டைக் கவரில் கட்டிச் சாதாரண ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். அழகாக இருக்காது, ஆனால் திரும்பி வரும்போது ஓட்டை இருக்காது.

கடைசியாக அந்தப் பதினொன்று. அவற்றையும் உறைய வைத்துவிடுங்கள். ஓட்டை ஒன்றிரண்டு மட்டும் என்றால் சுருட்டு புகைக்கத் தகுந்ததுதான், வண்டு விழுந்ததால் புதிதாக ஒரு விஷமும் சேர்வதில்லை, சுருட்டு ஏற்கெனவே செய்யும் கெடுதல் போதும். ஓட்டை வழியாகக் காற்று புகுவதால் இழுப்பு சரியாக வராது, ஒரு பக்கமாக எரியும். உதிர்ந்த மேலிலைத் துண்டு ஒன்றைக் கிள்ளி, ஒரு துளி கோந்தோ, ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டினோ தடவி ஓட்டையின் மேல் ஒட்டிக் காயவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். நான்கைந்துக்கு மேல் ஓட்டை இருந்தாலோ, விரலால் அமுக்கும்போது உள்ளே பொள்ளலாகத் தெரிந்தாலோ, ஒன்றை நீளவாக்கில் பிளேடால் பிளந்து பாருங்கள். சுரங்கம் எப்படி வளைந்து வளைந்து போயிருக்கிறது, எங்கே கூடு கட்டியிருக்கிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் அடுத்த முறை டார்ச் அடிக்கும்போது எதைத் தேட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். பிளந்ததைச் சமையலறைக் குப்பையில் போடாமல் கவரில் கட்டி வெளியே போடுங்கள்.